பிடிக்காத புத்தகம்: எந்தப் பக்கத்தில் மூடினீர்கள், யார் குற்றம்?

#1 மெய்ப்பு | 4 ஆகஸ்ட் 2024, இரவு 9.10

பிடிக்காத புத்தகங்களைப் பற்றிப் பேசலாம். ஒரே நிபந்தனை: "போர்", "மொக்கை", "ரெண்டு பக்கம் தாண்டல" என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது. எந்தப் பக்கத்தில் மூடினீர்கள், அது எந்த ஆண்டுப் பதிப்பு, குற்றம் எழுதியவருடையதா, மொழிபெயர்த்தவருடையதா, பதிப்பித்தவருடையதா, அச்சடித்தவருடையதா என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு நம்ம ஊரிலேயே வழி காட்டியவர் இருக்கிறார். குறுந்தொகையின் 2ஆம் பாட்டு, 'கொங்குதேர் வாழ்க்கை', இறையனார் பேரில் இருப்பது. திருவிளையாடல் கதையில் அந்தப் பாட்டை மறுக்கும் நக்கீரர் "பாட்டு நன்றாக இல்லை" என்று சொல்லவில்லை. சொல்லில் குற்றமில்லை, பொருளில் குற்றம் என்கிறார். எந்தப் பொருள்? பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டு என்ற கருத்து. ஒரே இடத்தில் விரல் வைத்தார். எதிரில் நிற்பவர் யார் என்று தெரிந்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

என் கட்சி இது: தமிழில் வாசகர் பாதியில் போடும் புத்தகங்களில் பெரும்பங்கு எழுத்தாளரால் கெட்டவை அல்ல. மெய்ப்பு (அச்சுப்பிழை திருத்தம்) பார்க்காமலும் பக்கத்தை ஒழுங்காக அமைக்காமலும் கெட்டவை.

#2 மெய்ப்பு | 4 ஆகஸ்ட் 2024, இரவு 9.50

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை. முதல் பத்துப் பக்கத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதை எல்லோருமே கவனமாகத் திருத்தியிருப்பார்கள். நடுவில் எங்காவது விரித்து அடுத்தடுத்து 4 பக்கம் படியுங்கள். 1, 2 பிழை என்றால் பொறுக்கலாம். 5 பிழை என்றால் அந்த நூலை இரண்டாம் மெய்ப்புக்கு யாரும் எடுக்கவில்லை.

பிழையின் சாதியைப் பார்த்தால் காரணமும் தெரியும்.

'கௌரவம்' என்பது 'கெளரவம்' என்று ளகரத்தோடு இருந்தாலோ, கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலும் பிரிந்து கிடந்தாலோ, பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிவிட்டு அப்படியே பக்கத்தில் கொட்டியிருக்கிறார்கள். ரகரம் வர வேண்டிய இடத்தில் துணைக்கால் நின்றால், 'அரசு' என்பதில் அகரத்துக்குப் பக்கத்தில் கால் மட்டும் தொங்கினால், அது பழைய அச்சுப்பிரதியை ஸ்கேன் செய்து, படத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருள் வழியாக எடுத்தது. 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல் என்றால் இன்னும் மோசம். அன்றைய ணை, லை, ளை, னை எழுத்துகளில் இருந்த துதிக்கையையும், ணா, றா, னா எழுத்துகளின் வளைந்த வடிவத்தையும் மென்பொருள் வேறு எழுத்தாகப் படித்துவிடும்.

ஒற்றுப்பிழைதான் வாசகரை அதிகம் குழப்புவது. 'வேலை கொடு' என்றால் பணி கொடு. 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையில் இருக்கும் வேலைக் கொடு. ஒரே ஒரு ககர ஒற்று. கதை நடுவில் இது மாறினால் வாசகர் ஒரு வினாடி நின்று திரும்பப் படிப்பார். பக்கத்துக்கு 6 முறை நின்றால் 30ஆம் பக்கத்தில் புத்தகம் மூடப்படும். ஏன் மூடினோம் என்று அவருக்கே தெரியாது, "நடை சரியில்லை" என்பார். நடையில் குற்றமே இருந்திருக்காது.

#3 வடக்காவணி | 5 ஆகஸ்ட் 2024, காலை 7.30

மெய்ப்பு அண்ணே, பக்க அமைப்புக்கும் கணக்கு இருக்கு. அதையும் போட்டுடுறேன்.

டெமி அளவுப் புத்தகம் ஏறத்தாழ 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். ஓரம் விட்டது போக எழுத்து நிற்கும் இடம் 10.5 செ.மீ.க்கு 17 செ.மீ. இதில் 11 பாயிண்ட் எழுத்து, வரிக்கு வரி 15 பாயிண்ட் என்று வைத்தால் பக்கத்துக்கு 32 வரி வரும். கண்ணுக்கு இதம். அதையே 10 பாயிண்ட் எழுத்து, 12 பாயிண்ட் இடைவெளி என்று நெருக்கினால் 40 வரி. 320 பக்கம் வர வேண்டிய நாவல் 256 பக்கத்தில் முடியும். பாரத்துக்கு (சேர்த்து அச்சடித்து மடிக்கும் தாள்) 16 பக்கம், ஆக 4 பாரம் தாள் மிச்சம். தமிழ் எழுத்தில் மேலே விசிறியும் கீழே உகரச் சுழியும் இருப்பதால் நெருக்கிய வரிகள் ஒன்றோடொன்று முட்டும். 40 வயதுக்கு மேல் இருப்பவர் அந்தப் பக்கத்தை இரவு விளக்கில் படிக்க முடியாது.

உள் ஓரம் அடுத்த வில்லங்கம். 500 பக்கத்துக்கு மேல் போகும் பசை பைண்டிங் புத்தகத்துக்கு உள்பக்க ஓரம் 2 செ.மீ. விடணும். 1.2 செ.மீ. விட்டிருந்தால் இடப்பக்க வரிகளின் கடைசி எழுத்தும் வலப்பக்க வரிகளின் முதல் எழுத்தும் முதுகுப் பள்ளத்துக்குள் போய்விடும். இரண்டு கையாலும் பிளந்து பிடித்துப் படிக்கணும், அப்படிப் பிளந்தால் முதுகு வெடிக்கும்.

தாள்: 60 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) மட்டமான தாளில் பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியும். நாவலுக்கு 70 ஜிஎஸ்எம் நேச்சுரல் ஷேட் போதும். பளபளப்பான வெள்ளை 80 ஜிஎஸ்எம் போட்டால் தரம் என்று நினைக்கிறாங்க. கண் கூசுது, புத்தகமும் கனக்குது.

#4 செல்லூர் வாசகி | 5 ஆகஸ்ட் 2024, மாலை 6.15

ரெண்டு பேர் சொல்றதும் சரி. ஆனா #1இல் இருக்கும் கட்சியை ஒப்புக்க மாட்டேன். ஒரு பிழை இல்லாமல், நல்ல தாளில், தையல் பைண்டிங்கில் வந்த நாவலையும் வெறுக்க முடியும்.

மதுரைப் பக்கத்துக் கிராமத்தைக் களமாக வைத்த நாவல் என்றால் முதல் அத்தியாயத்தில் அருவா. அதைத் தீட்டும் சத்தம். ஒரு குறிப்பிட்ட சாதியில் பிறந்தவன் என்றால் கோபம் ரத்தத்தில் வரும் என்ற விளக்கம். பெண் என்றால் மூன்றே வேலை: ஒப்பாரி வைப்பாள், சோறு போடுவாள், அல்லது கதாநாயகன் கோபப்படுவதற்காக 80ஆம் பக்கத்தில் செத்துப்போவாள். அவள் கூலி வேலைக்குப் போனாளா, நெல் அவித்தாளா, பூக்கட்டினாளா, ஒரு முழத்துக்கு எவ்வளவு வாங்கினாள் என்று ஒரு வரி இருக்காது. வைகைக் கரையில், எங்க செல்லூரிலேயே, தறி ஓடிய வீடுகளில் பாவு போட்டதும் நூல் சுற்றியதும் பெண்கள். எந்த நாவலிலாவது அந்தக் கை வேலை செய்கிறதா?

இதுக்கு மெய்ப்புக்காரர் என்ன செய்வார்? நக்கீரர் கணக்கில் இது பொருட்குற்றம். முழுக்க எழுதியவருடையது.

#5 திருமங்கலத்தான் | 5 ஆகஸ்ட் 2024, இரவு 8.05

அக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க. வட்டாரப் பேச்சு. மதுரைக்காரன் வாயில் 'ஏலே', 'என்னலே' என்று 200 பக்கம் பேசவிட்டிருக்காய்ங்க. அது திருநெல்வேலிப் பக்கம். மதுரைன்னா 'வந்தாய்ங்க', 'போனாய்ங்க', 'அவய்ங்க'. 'அங்கிட்டு', 'இங்கிட்டு'. 'எம்புட்டு', 'அம்புட்டு'. தொட்டுக்கிறதுக்கு 'வெஞ்சனம்'. இந்தச் சொல்லெல்லாம் பட்டியல் போட்டுத் தூவினாலும் பேச்சு வராது. 'ய்ங்க' எல்லாப் பன்மைக்கும் வராது. மரியாதை கொடுக்கிற ஆளைப் பற்றி 'வந்தாய்ங்க' என்று சொல்ல மாட்டோம், 'வந்தாங்க' தான். நாவலில் மருமகள் மாமனாரைப் பற்றி 'சாப்பிட்டாய்ங்க' என்று சொல்றா. அந்த இடத்தில் மூடிட்டேன், 46ஆம் பக்கம்.

#6 மெய்ப்பு | 5 ஆகஸ்ட் 2024, இரவு 10.20

#4க்கு. ஒப்புக்கொள்கிறேன். #1இல் 'பெரும்பங்கு' என்று எழுதியதற்கு என்னிடம் கணக்கு எதுவும் இல்லை. மெய்ப்புத் தொழிலில் இருப்பவன் கண்ணுக்கு முதலில் தெரிவது அச்சுக்குற்றம். அதனால் அப்படி எழுதினேன். கட்சியை இப்படித் திருத்துகிறேன்: அச்சுக்குற்றம் எழுத்தாளர் மேல் தவறாக ஏற்றப்படுகிறது. பொருட்குற்றமோ "நல்லா எழுதிருக்கார், எனக்குத்தான் ஒட்டலை" என்ற மரியாதையில் மறைக்கப்படுகிறது. இரண்டும் தவறு.

#5க்கு. 'ஏலே' மதுரை மாவட்டத்தில் காதில் விழவே விழாது என்று சொல்ல முடியாது, தெற்கே போகப்போகப் பேச்சு கலக்கும். ஆனால் மாசி வீதியில் பிறந்து வளர்ந்த பாத்திரத்தின் வாயில் அது வருவது பிழைதான். மரியாதைப் பன்மை பற்றி நீங்கள் சொன்னது எந்த வட்டார அகராதியையும் விட உபயோகமான விதி.

#7 செல்லூர் வாசகி | 6 ஆகஸ்ட் 2024, காலை 6.40

பேச்சு மட்டுமில்லை, ஊரே தப்பாக இருக்கும். சித்திரைத் திருவிழாவை வைத்து எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாத வரிசை: மீனாட்சி திருக்கல்யாணம் ஒரு நாள். மறுநாள் தேரோட்டம். அன்றுதான் அழகருக்கு மூன்றுமாவடியில் எதிர்சேவை, ராத்திரி தல்லாகுளம். அதற்கு மறுநாள் சித்ரா பௌர்ணமி விடியலில் ஆற்றில் இறங்குவார். அழகர் வருவது வடக்கேயிருந்து, கோயில் இருப்பது ஆற்றுக்குத் தெற்கே. அவர் கோயிலுக்குப் போக மாட்டார், வண்டியூருக்குப் போவார். தங்கை கல்யாணத்துக்கு வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது என்பதுதான் கதையின் உயிரே. ஒரு நாவலில் அழகர் கோயிலுக்குள் போய்த் தங்கையை ஆசீர்வதிக்கிறார். அந்த ஒரு வரியில் நாவலாசிரியர் தன் கதையின் அடித்தூணை உருவிப் போட்டுவிட்டார்.

தேர் ஓடுவது மாசி வீதிகளில். சித்திரை வீதியில் தேரோட்டம் என்று எழுதினால் பெயரை வைத்து ஊகம் செய்திருக்கிறார்கள் என்று தெரியும். உள்ளேயிருந்து வெளியே: ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. ஆடி வீதி கோயில் மதிலுக்கு உள்ளே. 'ஆடி வீதியில் ஆட்டோ பிடித்தான்' என்று எழுத முடியாது.

#8 திருமங்கலத்தான் | 6 ஆகஸ்ட் 2024, காலை 9.00

சல்லிக்கட்டும் அப்படித்தான். பொங்கலன்னைக்கு அவனியாபுரம், மாட்டுப்பொங்கலுக்குப் பாலமேடு, அதுக்கு மறுநாள் அலங்காநல்லூர். தை 1 அன்னைக்கே அலங்காநல்லூர் வாடிவாசலைத் திறந்துவிட்ட நாவல் இருக்கு. காளை எப்படித் திமிறுச்சு என்று 6 பக்கம். தேதியே தெரியாதவருக்குத் திமில் எப்படித் தெரியும் என்று அதுக்கப்புறம் எதையும் நம்ப முடியலை.

#9 இருமொழி | 6 ஆகஸ்ட் 2024, மதியம் 1.25

மொழிபெயர்ப்பைப் பற்றி யாரும் தொடவில்லை. தமிழ் வாசகர்கள் மூடி வைக்கும் உலக நாவல்களில் மூலத்தின் குற்றமும் மொழிபெயர்ப்பின் குற்றமும் பிணைந்து கிடக்கும். பிரிக்க வழிகள் உண்டு.

50ஆம் பக்கத்தில் ஓர் உரையாடலை வாய்விட்டுப் படியுங்கள். வாய் சுளுக்கினால் மொழிபெயர்ப்புக் குற்றம்.

'ஒரு' எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். "ஒரு மாலை ஒரு கிழவர் ஒரு நாயோடு ஒரு பாலத்தில் நின்றார்." தமிழில் ஒன்று போதும், சில சமயம் ஒன்றுகூட வேண்டாம். அதேபோல் 'தனது'. "அவன் தனது கைகளைத் தனது சட்டைப் பைகளுக்குள் வைத்துக்கொண்டான்." வேறு யார் கையை வைப்பான்? "சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டான்", முடிந்தது.

நீ, நீங்கள். ஆங்கிலத்தில் இருப்பது ஒரே சொல். தமிழில் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு ஜோடிக்கும் முடிவெடுக்க வேண்டும்: அம்மா மகன், முதலாளி வேலைக்காரன், புருஷன் பெண்டாட்டி. கவனமில்லாதவர் 3ஆம் அத்தியாயத்தில் 'நீங்கள்' என்று பேசிய மனைவியை 7ஆம் அத்தியாயத்தில் 'நீ' என்று பேசவைப்பார். வாசகர் இடையில் சண்டை வந்ததோ என்று பின்னால் புரட்டித் தேடுவார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேடு உறவுமுறை. ஆங்கிலத்தில் அங்கிள், கசின் என்று இருக்கும். தமிழில் 'அங்கிள்' பெரியப்பாவா, சித்தப்பாவா, தாய்மாமனா? 'கசின்' அத்தை மகளா, சித்தப்பா மகளா? அத்தை மகள் கட்டிக்கொள்ளும் முறை. சித்தப்பா மகள் தங்கை. மூலத்தில் வெறும் நட்பாக இருக்கும் இருவரை அத்தை மகன், மாமன் மகள் ஆக்கிவிட்டால் தமிழ் வாசகர் முதல் பக்கத்திலிருந்து கல்யாணத்தை எதிர்பார்ப்பார். மூலத்தில் அவர்கள் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், மொழிபெயர்ப்பாளரோ முன்பே 'சித்தப்பா மகள்' என்று போட்டுவிட்டார் என்றால் வாசகர் அருவருத்து மூடுவார். "ஆபாசமான நாவல்" என்று பேர் வாங்கிக் கொடுப்பார். மூல ஆசிரியர் பாவம் ஒன்றும் செய்யவில்லை. முழு நூலையும் படித்துக் குடும்ப மரத்தை ஒரு தாளில் போட்டுக்கொண்ட பிறகுதான் முதல் வரியை மொழிபெயர்க்க வேண்டும்.

#10 மெய்ப்பு | 6 ஆகஸ்ட் 2024, இரவு 9.35

#9ஐ மொழிபெயர்ப்புச் செய்யும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். நீ, நீங்கள் குழப்பத்தை மெய்ப்புப் பார்ப்பவரே பிடிக்கலாம். ஒரு தாளில் பாத்திரங்களைக் கட்டம் போட்டு யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று முதல் 3 அத்தியாயத்திலேயே குறித்துக்கொண்டால் போதும். ஊர்ப்பெயர், ஆள்பெயருக்கும் அப்படியே ஒரு பட்டியல். இதைச் செய்யாத நூலில் ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கும்.

வாரப் பத்திரிகையில் தொடராக வந்து பிறகு நூலான நாவல்களுக்கு இது இரட்டிப்பு அவசியம். "இழுக்கிறார்" என்று வாசகர் சொல்லும் புகார் பெரும்பாலும் இங்கே பிறப்பது. ஒவ்வொரு ஏழெட்டுப் பக்கத்துக்கும் கதவு தட்டப்படும், துப்பாக்கி வெடிக்கும், அத்தியாயம் முடியும். அடுத்த அத்தியாயம் போன வாரம் என்ன நடந்தது என்று அரைப் பக்கம் நினைவுபடுத்தும். வாராவாரம் படித்தவருக்கு அது உதவி. ஒரே மூச்சில் படிப்பவருக்குத் தொல்லை. நூலாக்கும்போது அந்த நினைவூட்டல்களை ஆசிரியர் சம்மதத்தோடு நீக்குவது பதிப்பாசிரியர் வேலை. 60 அத்தியாயத் தொடரில் அரைப் பக்கம் வீதம் 30 பக்கம் குறையும்.

நாட்டுடைமையான நூல்களை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆகவே "அந்த நாவல் பிடிக்கவில்லை" என்று சொன்னால் எந்தப் பதிப்பு என்று கட்டாயம் கேளுங்கள். ஒரே அத்தியாயத்தை மூன்று பதிப்பில் ஒப்பிட்டால் ஒன்றில் ஒரு பத்தியே விழுந்திருக்கும்.

#11 வடக்காவணி | 7 ஆகஸ்ட் 2024, காலை 7.10

அணிந்துரை! அதை யாரும் சொல்லலையே. பதிப்புரை, வாழ்த்துரை, அணிந்துரை ரெண்டு, என்னுரை, நன்றியுரை. 160 பக்கப் புத்தகம், மொத்தம் 10 பாரம். அதில் ஒன்றரைப் பாரம், 24 பக்கம், உரைகளுக்கே போகுது. அதைவிடக் கொடுமை, அணிந்துரை எழுதுகிறவர் கடைசிச் சிறுகதையின் முடிவை அங்கேயே சொல்லிடுவார். அணிந்துரையைப் பின்னுரையாக நூலின் கடைசியில் வைத்தால் செலவு ஒரு பைசா கூடாது.

#12 செல்லூர் வாசகி | 7 ஆகஸ்ட் 2024, மாலை 5.50

கதைப் புத்தகத்தையே பேசிக்கிட்டிருக்கோம். சமையல் புத்தகத்தை வெறுத்தவர்கள்தான் அதிகம் இருப்பாங்க. 'உப்பு தேவையான அளவு', 'எண்ணெய் தேவையான அளவு'. தேவை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தானே வாங்கியது?

'வெங்காயம் பொன்னிறமாகும் வரை 5 நிமிடம் வதக்கவும்.' அரைக் கிலோ வெங்காயம் நறுக்கி மிதமான தீயில் போட்டால் பொன்னிறத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். 5 நிமிடத்தில் கண்ணாடி மாதிரி ஆகும், அவ்வளவுதான். அதை நம்பி அடுத்துத் தக்காளியைப் போட்டால் நிறமும் வராது, வாசமும் வராது, குழம்பு பச்சை வாடை அடிக்கும்.

'குக்கரில் 4 விசில்.' 3 லிட்டர் குக்கரும் 7 லிட்டர் குக்கரும் ஒரே நேரத்தில் விசில் விடாது. தீ அதிகம் என்றால் 4 விசில் 5 நிமிடத்தில் வந்துவிடும், ஆட்டுக்கறி வேகாது. 'முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து 20 நிமிடம்' என்று எழுதணும்.

ஜிகர்தண்டா செய்முறையில் பாதாம் பிசினை அரை மணி நேரம் ஊறவைக்கச் சொல்கிறது ஒரு நூல். அது ராத்திரி முழுக்க, 8 மணி நேரமாவது ஊறணும். அரை மணியில் நடுவில் கல் மாதிரி நிற்கும், பல்லில் படும். இன்னொரு நூல் பாதாம் பிசினுக்குப் பதில் கடல்பாசி போடலாம் என்கிறது, அதுவும் தப்பு.

#13 திருமங்கலத்தான் | 7 ஆகஸ்ட் 2024, இரவு 7.45

அக்கா, கடைசி வரியில் கொஞ்சம் திருத்தம். கடல்பாசி போட்டுச் செய்கிறவங்களும் உண்டு. தப்பு எதுன்னா ரெண்டையும் ஒரே மாதிரி ஊறவைக்கச் சொல்றது. கடல்பாசியைத் தண்ணியில் கொதிக்கவிட்டுக் கரைத்து ஆறவிட்டால்தான் கெட்டியாகும், அப்புறம் துருவிப் போடணும். பாதாம் பிசின் பச்சைத் தண்ணியில் ஊதும், கரையாது.

#14 செல்லூர் வாசகி | 7 ஆகஸ்ட் 2024, இரவு 8.00

சரிதான் தம்பி. திருத்திக்கிறேன். புத்தகத்தின் குற்றம் பொருளில் இல்லை, முறையில்.

#15 இருமொழி | 8 ஆகஸ்ட் 2024, காலை 11.15

போட்டித் தேர்வு வழிகாட்டிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். கதைப்புத்தகம் கெட்டால் மாலை போகும். இது கெட்டால் ஒரு வருடம் போகும். அட்டையில் புது ஆண்டு, உள்ளே பழைய சரக்கு. கடையிலேயே கண்டுபிடிக்கலாம்: தமிழ்நாட்டு மாவட்டங்கள் எத்தனை என்று இருக்கிறது? 32 என்றால் அந்தப் பக்கம் 2019க்கு முன் எழுதியது. 37 என்றால் மயிலாடுதுறை பிரிவதற்கு முந்தையது. 38 இருக்க வேண்டும். அடுத்து, 6 முதல் 10 வரையான பள்ளிப் பாடநூல்கள் 2018-19, 2019-20 கல்வியாண்டுகளில் மாறிவிட்டன. இயல் பெயர்களைப் புதுப் பாடநூலோடு ஒப்பிட்டால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கீழடியைப் பற்றிய ஜனரஞ்சக நூல்களிலும் இதே அலட்சியம். கீழடி மதுரையிலிருந்து 12 கி.மீ. தான், ஆனால் இருப்பது சிவகங்கை மாவட்டத்தில். 2019இல் தமிழக அரசின் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிமத் துண்டின் காலம் கி.மு. 580 என்று தெளிவாக இருக்கிறது. அந்த 353 செ.மீ. என்ற எண்ணைச் சொல்லாமல், எந்த மண்ணடுக்கு என்று சொல்லாமல், 'பல்லாயிரம் ஆண்டு' என்று முழங்கும் புத்தகம் கீழடிக்கே கெடுதல் செய்கிறது. உண்மையே போதுமான அளவு பெரிதாக இருக்கும்போது ஏன் ஊத வேண்டும்?

#16 மெய்ப்பு | 8 ஆகஸ்ட் 2024, இரவு 10.05

#2இல் ஓசிஆர் பிழை பற்றி எழுதியது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. இது புதுப் பிழை இல்லை. ஓலையில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் இல்லை. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். பதிப்பாசிரியர்கள் ஒவ்வொரு சொல்லையும் யாப்பையும் பொருளையும் வைத்து ஊகித்தே பாடம் கண்டார்கள். 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்பது அந்தக் காலத்துப் புலம்பல். அதே ரகரம், அதே கால், இப்போது மென்பொருள் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. அன்று ஒரு சொல்லுக்காக ஊர் ஊராக ஏடு தேடினார்கள். இன்று மூல அச்சுப்பிரதி மேசை மேலேயே இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை. இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் பிழையான நூல்களைக் காணும்போதெல்லாம் எழுத்தாணியால் தலையில் குத்திக்கொண்டார், தலை புண்ணாகிச் சீழ் வைத்தது, திருக்குறளைக் கேட்ட பிறகு தலைவலி தீர்ந்தது என்பார்களே, அந்தக் கதை புரிகிறது.

#17 இருமொழி | 9 ஆகஸ்ட் 2024, காலை 8.20

#16க்கு ஒரு திருத்தம். சாத்தனாருக்குத் தலைக்குத்து தீர்ந்தது என்ற செய்தி திருவள்ளுவமாலையில் மருத்துவன் தாமோதரனார் பெயரில் உள்ள வெண்பாவில் வருகிறது. ஆனால் 'சீத்தலை' என்பதைச் சீழ் பிடித்த தலை என்று பிரிப்பதை ஆராய்ச்சியாளர்கள் ஏற்பதில்லை. அது ஊர்ப்பெயர் என்பதே பொருத்தம். சீத்தலை என்ற ஊரைச் சேர்ந்த, மதுரையில் தானிய வணிகம் செய்த சாத்தனார்.

#18 மெய்ப்பு | 9 ஆகஸ்ட் 2024, காலை 8.45

ஏற்கிறேன். கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம்.

பிழைப்பட்டியல் அனுப்புவது எப்படி என்று தனிமடலில் இருவர் கேட்டார்கள். பதிப்பகத்துக்குக் கோபமாகக் கடிதம் எழுதினால் படிக்க மாட்டார்கள். நான்கு கட்டம் போடுங்கள்: பக்கம், வரி, இருப்பது, இருக்க வேண்டியது. வரியை மேலிருந்து எண்ணுங்கள், தலைப்பு வரியைச் சேர்க்காதீர்கள். பதிப்பு விவரப் பக்கத்தின் படத்தையும் இணையுங்கள், எந்தப் பதிப்பு என்ற குழப்பம் இருக்காது. எழுத்துப்பிழையையும் தகவல்பிழையையும் தனித்தனிப் பட்டியலாக்குங்கள். முதலாவதை அவர்களே திருத்தலாம், இரண்டாவது எழுத்தாளரிடம் போக வேண்டும். #7, #8இல் சொன்ன தேர், அழகர், அலங்காநல்லூர் எல்லாம் இரண்டாவது பட்டியல். இப்போது 200, 300 பிரதி அளவில் அச்சிடுவதால் அடுத்த அச்சு சீக்கிரம் வரும், திருத்தமும் அதில் ஏறும்.

#19 திருமங்கலத்தான் | 10 ஆகஸ்ட் 2024, இரவு 9.15

வடக்காவணி அண்ணனுக்கு ஒரு கேள்வி. உள்ளே இருக்கிறது அருமையான நூல், பைண்டிங் மட்டும் விட்டுப்போய் 40 தாள் தனியா வந்துருச்சு. புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய கடைகளில் தேடினேன், வேறு பிரதி இல்லை. வீட்டிலேயே சரி பண்ணலாமா? ஏன் இப்படி விடுது?

#20 வடக்காவணி | 11 ஆகஸ்ட் 2024, காலை 6.55

பண்ணலாம் தம்பி. முதலில் ஏன் விட்டது என்று பாருங்க. ஒரு தாளை எடுத்து நீளவாக்கில் லேசாக வளைங்க, பிறகு அகலவாக்கில் வளைங்க. எந்த வளைவு சுலபமாக வருதோ அந்த மடிப்புக்கோட்டின் திசைதான் இழை ஓடும் திசை. இழை முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓடணும். குறுக்கே ஓடினால் புத்தகம் விரியவே மறுக்கும், ஒவ்வொரு தாளும் பசையை இழுத்துக்கிட்டே இருக்கும். தாளை மிச்சம் பிடிக்கத் திருப்பிப் போட்டு அடிச்சிருப்பாங்க. இழை சரியாக இருந்தால் பசைக் குற்றம்: முதுகைச் சுரண்டிச் சொரசொரப்பாக்காமல் விட்டிருப்பாங்க, இல்லை ஹாட் மெல்ட் பசை போதுமான சூட்டில் இல்லாமல் தாளுக்குள் இறங்காமல் மேலே படிந்திருக்கும். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தாலும் அந்தப் பசை இளகிடும்.

சரி பண்ணும் முறை. அட்டையைக் கிழியாமல் கழற்றுங்க. முதுகில் ஒட்டியிருக்கும் பழைய பசையை முழுக்க உரிச்செடுங்க, துளி இருந்தாலும் புதுப் பசை பிடிக்காது. எல்லாத் தாளையும் பக்க எண் சரிபார்த்து அடுக்கி, முதுகுப்பக்கம் தட்டி ஒரே மட்டமாக்குங்க. ரெண்டு பலகைக்கு நடுவில் வைத்து, முதுகு 3 மி.மீ. வெளியே தெரியுற மாதிரி இறுக்கிக் கட்டுங்க. ரம்ப அலகால் 3 செ.மீ.க்கு ஒன்றாக, 2 மி.மீ. ஆழத்துக்குக் குறுக்கே கோடு அறுங்க. அதுக்கு மேல் போனால் எழுத்தைத் தொட்டுடும். ஒவ்வொரு பள்ளத்திலும் பருத்தி நூலை அழுத்தி வைங்க. பிறகு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசையை மெல்லிசாகப் பூசி, ஒரு மணி நேரம் விட்டு ரெண்டாவது தடவை பூசி, அது ஈரமாக இருக்கும்போதே முதுகு நீளத்துக்கு வலைத்துணி ஒட்டுங்க. ரெண்டு பக்கமும் 2 செ.மீ. மடிந்து நிற்கணும். 12 மணி நேரம் கட்டு பிரிக்காதீங்க. மழைக்காலம் என்றால் ஒரு நாள் முழுக்க. அட்டை அதுக்கப்புறம்தான்.

#21 திருமங்கலத்தான் | 11 ஆகஸ்ட் 2024, இரவு 8.30

வளைத்துப் பார்த்தேன் அண்ணே. இழை குறுக்கேதான் ஓடுது. ஆனா அடுக்கும்போது 161ஆம் பக்கத்திலிருந்து 176 வரை இல்லவே இல்லை. அதுக்குப் பதிலா 145லிருந்து 160 வரை ரெண்டு தடவை இருக்கு.

#22 வடக்காவணி | 11 ஆகஸ்ட் 2024, இரவு 8.40

ஒரு பாரம் சேர்க்கும்போது ரெண்டு தடவை விழுந்துருக்கு, அடுத்த பாரம் விட்டுப்போச்சு. இதைப் பிரிச்சு ஒட்டாதீங்க தம்பி. கட்டின பதிப்பகத்துக்கு அந்த ரெண்டு பக்க எண்ணையும் எழுதிப் படத்தோட அனுப்புங்க. மாத்து பிரதி கொடுக்கணும்.